ஐந்து வரியில் ஓர் ஆங்கில மடல்

ரயில்வேக்காரனிடம் போய் ‘மெயில்’ என்று சொன்னால் அவன் மனத்தில் முதலில் வந்து நிற்பது வண்டிதான். நம் நாக்பூர் வழியாகப் போகும் ஹவுரா மெயிலை எத்தனை இரவுகள் பார்த்திருப்பேன்! தபால் பைகளைச் சுமந்து போன வண்டி என்பதால் வந்த பெயர் அது. அந்த மெயிலின் என்ஜின் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கும் இன்னொரு மெயிலுக்கு, அதுவும் ஒரு நண்பர் மனம் விட்டு எழுதிய மெயிலுக்கு, ஆங்கிலத்தில் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்பது வருஷம் ஆங்கிலத்திலேயே உத்தியோகம் பார்த்தவனுக்கு அது தெரியவில்லை என்பதை அறுபத்திரண்டாம் வயதில்தான் கண்டுகொண்டேன்.

அந்தக் கதையைச் சொல்லி, கூடவே நம் சங்கத்தின் முன் ஒரு யோசனையையும் வைக்கவே இந்தக் கட்டுரை. நான் எழுத்தாளன் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு 1980ல் அப்ரண்டிஸாக ரயில்வேயில் சேர்ந்து, சார்ஜ்மேன் ஆகி, எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் சீனியர் செக்‌ஷன் எஞ்சினியராக 2019ல் ஓய்வு பெற்றவன். சொல்லில் குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வந்த மடலும் போன மடலும்

ஷெட்டில் எனக்கு ஓர் அசாமிய நண்பர் உண்டு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பத்தொன்பது வருஷம் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தோம். நான் அவரை ‘தாதா’ என்று கூப்பிடுவேன். நம் சினிமா தாதா அல்ல. அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் இருவருக்கும் பேச்சு இந்தியில். அவர் மனைவி எங்கள் எல்லோருக்கும் பாபிஜி. நம் பொங்கல் சமயத்தில்தான் அவர்களுக்கு மாக் பிஹு பண்டிகை வரும். எள்ளும் வெல்லமும் உள்ளே வைத்து அரிசி மாவில் சுருட்டிய ‘பிட்டா’ என்ற பலகாரம் ஒரு டப்பா நிறைய எங்கள் வீட்டுக்கு வரும். அதே டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் திரும்பிப் போகும். 2017ல் அவர் ஓய்வு பெற்றுக் குவஹாத்தி போய்விட்டார்.

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை எந்த வீட்டையும் சும்மா விடாத காலம். அவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மொத்தம் ஐந்தே வரிகள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “உன் பாபிஜி செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்க விடவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. டீத்தூளை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியது.”

அதில் இரண்டு இலக்கணப் பிழைகள் இருந்தன. அந்த நேரத்திலும் நான் அவற்றைக் கவனித்தேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. சரி, எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். இந்தியில் பேசுவேனே தவிர, எழுதினால் ஸ்டேஷன் பெயர்ப் பலகை எழுதுகிற மாதிரி எழுத்தெழுத்தாகத்தான் வரும். அவருக்கும் எனக்கும் எழுத்தில் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். எழுதினேன். ‘டீப்லி ஷாக்ட் அண்ட் கிரீவ்ட்’ என்று தொடங்கி, ‘ஸேட் டிமைஸ்’, ‘பிரீவ்ட் ஃபேமிலி’ எல்லாம் போட்டு, மறைந்த ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்து, கீழே என் முழுப் பெயரும் பழைய பதவியும். ஒரு பிழை கிடையாது. துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் என் இரங்கலைத் தெரிவிக்கும்படி அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அப்போது இருந்தது அவர் ஒருவர்தான்.

பதில் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, அக்டோபரில், அவரே போன் செய்தார். பொதுவாகப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “உன் லெட்டர் வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஃபைலில் போட்டுவிட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். “பேசினால் தொண்டை அடைத்தது. அதனால்தானே எழுதினேன்” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேச முடியாததைத்தான் மனிதன் எழுதுகிறான். அப்படி எழுதி வந்தவருக்கு நான் ஒரு சுற்றறிக்கையை அனுப்பியிருக்கிறேன்.

நாம் கற்ற ஆங்கிலம்

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த முதல் ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்குமே, அதுதான். வயிற்றுவலிக்கும் ஃபீவர், அக்கா கல்யாணத்துக்கும் ஃபீவர். வேறு காரணத்துக்கு எங்களுக்கு ஸ்பெல்லிங் தெரியாது. பிறகு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். பாலிடெக்னிக்கில் பாடமெல்லாம் ஆங்கிலம். படம் வரைந்து தப்பித்தோம்.

ரயில்வேக்கு வந்தபின் ஆங்கிலம் வயிற்றுப் பிழைப்பு ஆயிற்று. என்ஜின் பழுதானால் அறிக்கை எழுத வேண்டும். மேலே ஓடும் 25 கிலோவோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிற பாண்டோகிராஃப் உடைந்துபோனால், ‘இட் வாஸ் அப்ஸர்வ்ட் தட்’ என்று தொடங்குவோம். காணப்பட்டது. யார் கண்டார்? இருக்காது. போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை. யார் முறுக்கவில்லை? அதுவும் இருக்காது. செயப்பாட்டு வினை எங்களுக்கு ஒரு கவசம். மேலே இருப்பவர் கேள்வி கேட்டால் கீழே இருப்பவன் தப்பிக்க வேண்டும். அதற்கென்றே அமைந்த மொழி அது. முப்பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய ஆங்கிலத்தில் ‘நான்’ என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கும் என்று எண்ணினால் விரல் விட்டுச் சொல்லிவிடலாம், லீவ் லெட்டரைத் தவிர.

சொந்த விஷயத்துக்கு ஆங்கிலம் எப்போது பயன்பட்டது? தந்தி கொடுக்கும்போது. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்ப வாசகம்கூட வேண்டாம். தந்தி ஆபீஸில் மாட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும், எழுதி வைத்த வாழ்த்து போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது எல்லோரும் வருத்தப்பட்டோம். ஆனால் எண் போட்டு வாழ்த்துகிற புத்தி மட்டும் நம்மைவிட்டுப் போகவில்லை.

நமக்கு இந்த ஆபீஸ் ஆங்கிலத்தைக் கொடுத்த வெள்ளைக்காரர்களே அதைக் கைவிட முயன்றார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 1948ல் ‘ப்ளெயின் வேர்ட்ஸ்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். அரசாங்க ஊழியர்கள் ஜனங்களுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்பதே அதன் விஷயம். பழகிய சொல்லைப் போடு, சுற்றி வளைக்காதே, படிக்கிறவனை மனத்தில் வைத்து எழுது என்பதுதான் சாரம். அதற்கும் முன்பே, 1930ல், ஆக்டன் என்ற அறிஞர் 850 சொற்களை மட்டும் வைத்து ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்துக் கொடுத்தார். அவர்கள் விட்ட ‘ஹியர்வித்’தையும் ‘டூ த நீட்ஃபுல்’லையும் நாம்தான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஆரஞ்சுக்கு ரசீது

நம் சங்கத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் இருக்கிறார். அவரிடம் போய் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். “சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஆபீஸ் இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். இன்னொன்றைப் புதுசாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்” என்றார்.

அவர் ஒரு கணக்குச் சொன்னார். எஞ்சினியரான எனக்கு அது பிடித்திருந்தது. ஐரோப்பியக் கவுன்சில் 2001ல் வெளியிட்ட ஒரு திட்டத்தில், எந்த மொழியையும் கற்பதற்கு ஆறு படிகள் வகுத்திருக்கிறார்கள். அதில் இரண்டாவது படியில் இருப்பவன் என்ன எழுதத் தெரிந்திருக்க வேண்டும் தெரியுமா? நன்றி சொல்லியும் மன்னிப்புக் கேட்டும் மிக எளிமையான ஒரு சொந்தக் கடிதம். அனுபவத்தையும் மன உணர்ச்சியையும் கொஞ்சம் விவரமாக எழுதுவது மூன்றாவது படி. கேம்பிரிட்ஜ்காரர்கள் இரண்டாம் படிக்கு வைக்கும் பரீட்சையில், 25 சொற்களுக்குக் குறையாமல் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். மூன்றாம் படிக்கு ஏறக்குறைய நூறு சொற்கள். அவ்வளவுதான். நானோ ஐந்தாம் படியில் நிற்பதாக எண்ணிக்கொண்டு இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்து வந்தவன். நன்றியும் மன்னிப்பும் எனக்கு எழுத வராது.

முதல் வீட்டுப்பாடம்: மாடி வீட்டு மராட்டிய நண்பர் தம் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆரஞ்சுக்கு 25 சொல்லில் நன்றி. எழுதிக் கொண்டுபோனேன். ஒரு டஜன் ஆரஞ்சு நல்ல நிலையில் வந்து சேர்ந்ததை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன் என்ற பொருளில் இருந்தது. அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். “சார், இது ஸ்டோர்ஸ் ரசீது!”

மறுபடி எழுதினேன். ஆரஞ்சு நல்ல இனிப்பு. அதில் நான்கை என் மனைவி தனக்கென்று ஒளித்து வைத்துவிட்டாள். உங்கள் தாயாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதைத்தான் எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். அன்று மாலையே அந்த நண்பர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தாயாரின் முழங்காலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். ஒரே கட்டடத்தில் எட்டு வருஷம் இருக்கிறோம். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

நம்மவர்க்கு வரும் சங்கடங்கள்

பழகப் பழகத் தமிழர்களாகிய நமக்கென்றே சில சங்கடங்கள் இருப்பது தெரிந்தது. அவற்றை இங்கே சொன்னால் யாருக்காவது பயன்படும்.

முதலாவது, விளிப்பது. பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க நமக்கு நா எழாது. ‘டியர்’ என்று போட்டுப் பெயரை எழுதினால் மரியாதைக் குறைவோ என்று தோன்றும். பெண்களுக்கு எழுதினாலோ கேட்கவே வேண்டாம். ‘டியர்’ என்ற சொல்லே கையை உதறவைக்கும். ஆங்கிலத்தில் அது வெறும் வழக்கச் சொல், நம் ‘அன்புள்ள’ மாதிரி. அதேபோல் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற பேதம் அங்கே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட நாம் வரிக்கு வரி ‘சார்’ போடுகிறோம். வேண்டியதில்லை. அண்ணன் என்றால் ‘தாதா’, அக்கா என்றால் ‘பெஹன்ஜி’ என்று அவர்கள் முறைப்பெயரையே போட்டுவிடலாம். மரியாதையும் ஆயிற்று, நெருக்கமும் ஆயிற்று.

இரண்டாவது, தொடங்குவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்பது நம் தமிழ்க் கடிதத்தின் அழகு. அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் பாரமாக இருக்கும். அவர் கடைசியாகச் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் சொன்னதை நாம் கேட்டோம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிழைகள். நம் மொழியில் ‘ஏ’, ‘த’ என்ற முன்னொட்டுச் சொற்கள் இல்லை. எனவே அவை நமக்கு எப்போதும் தகராறு செய்யும். ‘நேற்றுதான்’ என்பதை ‘யெஸ்டர்டே ஒன்லி’ என்போம். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதை ‘ஐ ஆம் ஹேவிங்’ என்போம். இவற்றைத் திருத்திக்கொள்ள முயல வேண்டியதுதான். ஆனால் இவற்றால் ஒரு மடலும் செத்துப்போகாது. என் நண்பரின் ஐந்து வரியில் இரண்டு பிழை இருந்தது; அது உயிரோடு இருந்தது. என்னுடையதில் பிழையே இல்லை. அது ஃபைலுக்குப் போனது.

நான்காவது, முடிப்பது. ‘தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பது விண்ணப்பத்துக்கு. நண்பருக்கு ஒரு கேள்வியோடு முடித்தால் போதும். கேள்வி இருந்தால்தான் பதில் எழுத அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். ஷெட்டில் ஒரு பெட்டியை இன்னொன்றோடு கோக்கும் கப்ளிங் மாதிரி அது.

இன்னொன்று. ‘ஸப்ஜெக்ட்’ என்ற இடத்தில் நம்மவர் பலர் பொருள், பார்வை என்று ஆபீஸ் கடிதம் மாதிரி நிரப்புகிறார்கள். இரண்டு சொல் போதும்: ‘உங்கள் ஆரஞ்சு’. ‘ஸி.ஸி.’ என்பது கார்பன் காப்பி. கருப்புக் கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த காலத்துப் பெயர். சொந்த மடலுக்குக் கார்பன் காப்பி கிடையாது. அது ஒருவருக்கு மட்டுமே போக வேண்டும்.

இரண்டாவது மடல்

நவம்பரில் தாதாவுக்கு மறுபடி எழுதினேன். ஆறு வாக்கியம் எழுத மூன்று நாள் ஆயிற்று. பொருள் இதுதான்: “தாதா, என் முதல் கடிதத்துக்கு என்னை மன்னியுங்கள். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் ஆபீஸ் கடிதம் எழுதினேன். பாபிஜி பிஹுவுக்கு எங்களுக்குப் பிட்டா கொடுத்தார். எங்கள் பொங்கலில் முந்திரி குறைவு என்று ஒரு தடவை சொன்னார், அது உண்மைதான். என் மனைவி அதற்குப் பிறகு முந்திரியைக் கூட்டினாள். டீத்தூள் கிடைத்ததா?”

இதை எழுதும்போது ஒன்று நடந்தது. ‘பாபிஜி பிட்டா கொடுப்பார்’ என்று தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் ‘கிவ்ஸ்’ என்று எழுதிவிட்டேன். அம்மையார் அதைத் திருத்தினார். தமிழில் ‘கொடுப்பார்’ என்றால் பழைய வழக்கத்தையும் சொல்லலாம், இனிமேல் நடப்பதையும் சொல்லலாம். இருக்கிறாரா இல்லையா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. ஆங்கிலத்தில் அந்த இடம் இல்லை. ‘கேவ்’ என்று இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். அந்தச் சொல்லை மாற்றி எழுதியபோதுதான் பாபிஜி இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஆறு மாதம் முன்பு ‘ஸேட் டிமைஸ்’ என்று எழுதியபோது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல். டீத்தூள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்ததாம். ஆனால் எத்தனை ஸ்பூன் போடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கஷாயம் குடித்தாராம். அப்புறம் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி, அதுவரை யாரிடமும் சொல்லாததை, எழுதியிருந்தார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது எனக்கு வந்த மடல்.

தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலமா?

இனி என் யோசனை. நம் சங்கத்தில் எளிய ஆங்கில மடல் எழுத ஒரு வகுப்பு நடத்த வேண்டும். செயற்குழுவில் இதைச் சொன்னதும் ஒரு நண்பர், “தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவா சந்தா கட்டுகிறோம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நாம் வாழ்வது தமிழ்நாட்டில் அல்ல. நம் பக்கத்து வீட்டுக்காரர் மராட்டியர், டாக்டர் வங்காளி, பிள்ளைகளின் சிநேகிதர்கள் பல ஊர்க்காரர்கள். நம் வீடுகளில் கல்யாணங்களும் இப்போது மொழி பார்த்து நடப்பதில்லை. என் மருமகள் பஞ்சாபிப் பெண். சம்பந்தி வீட்டார் லூதியானாவில் இருக்கிறார்கள். இவர்களோடெல்லாம் பேச இந்தி போதும். எழுத? ‘குட் மார்னிங்’ பூப்படமும், யாராவது செத்தால் ‘ஆர்.ஐ.பி.’ என்ற மூன்று எழுத்தும்தான் போய்க்கொண்டிருக்கின்றன. தந்திக்கு எண் போட்ட அதே பழக்கம்.

யாருக்கு இந்த வகுப்பு? என் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு என்று நினைப்பீர்கள். எங்களைவிட நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் இது சுலபம் என்பேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, கடைத்தெருவுக்கு இந்தி, பக்கத்து வீட்டுக்கு மராட்டி என்று தாமாகவே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ‘எனக்கு இங்கிலீஷ் தெரியாது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தெரியாதது ஆபீஸ் ஆங்கிலம். அது தெரியாமல் இருப்பது பெரிய பாக்கியம். மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்த என் மனைவி, சம்பந்தி அம்மாளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, ‘டியர் பெஹன்ஜி’ என்று போட்டு நான்கு வரி எழுதினாள். “கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலை அவர் செய்யட்டும், உப்பு அதிகமானாலும் சாப்பிடுங்கள்.” ஸ்பெல்லிங் மட்டும் என்னிடம் கேட்டாள். இப்போது அந்த இரண்டு அம்மாக்களும் எழுதிக்கொள்வதில் பாதி விஷயம் எனக்கும் சம்பந்திக்கும் தெரிவதில்லை.

நம் பிள்ளைகளும் வரட்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, மாசு பற்றியும் மரம் நடுவது பற்றியும் இரண்டு பக்கம் கட்டுரை எழுதுகிறார்கள். பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பிய மாமாவுக்கு நன்றி எழுதச் சொன்னால் முழிக்கிறார்கள்.

ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வகுப்பை இரண்டு பாதியாக வைப்போம். முதல் பாதியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்குத் தமிழில் ஐந்து வரி. செல்போனிலேயே தமிழில் தட்டச்சு செய்யலாம். ஊரில் இருக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஆங்கிலத்தில் எழுதுவது அவர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை. இரண்டாவது பாதியில் தமிழ் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஐந்து வரி. ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கக் கூடாது. தமிழில் மனம் விட்டு எழுதத் தெரிந்தவனுக்குத்தான் ஆங்கிலத்திலும் அது வரும் என்பது என் அனுபவம். இன்லண்ட் லெட்டர் காலத்தில், மடிப்பு ஓரத்தில்கூட இடம் விடாமல் என் தாயாருக்கு எழுதியவன்தானே நான். அந்த எழுத்தை ஆங்கிலத்துக்குக் கூட்டிவராமல் ஷெட் வாசலில் நிறுத்திவிட்டேன். என் தவறு அதுதான்.

பின்னால் தள்ளும் என்ஜின்

“இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு மாமா? கம்ப்யூட்டரிடம் சொன்னால் அதுவே எழுதிக்கொடுக்கும்” என்று இளைஞர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஜிமெயிலில் 2017 முதலே, வந்த கடிதத்தைப் பார்த்து இரண்டு மூன்று பதில்களைத் தானே எடுத்து நீட்டுகிற வசதி வந்துவிட்டது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு முழுக் கடிதமே கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. நானும் சோதித்துப் பார்த்தேன். நண்பரின் மனைவி இறந்ததற்கு ஒரு கடிதம் கேட்டேன். அழகாக எழுதிக்கொடுத்தது. 2021ல் நான் எழுதியதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் பிட்டா இல்லை, முந்திரி இல்லை, டீத்தூள் இல்லை. நான் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் நானே சொல்ல வேண்டுமென்றால், கடிதம் அங்கேயே எழுதி முடிந்துவிட்டதே!

நம் சென்ட்ரல் ரயில்வேயில் கஸாராவிலிருந்து இகத்புரிக்கு மலையேறும் வண்டிகளுக்குப் பின்னால் ‘பாங்கர்’ என்று கூடுதல் என்ஜின் மாட்டுவார்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கும். மேலே போனதும் கழற்றிவிடுவார்கள். அது முன்னால் வந்து உட்கார்ந்து வண்டியை ஓட்டுவதில்லை. ஸ்பெல்லிங்குக்கும், ஒரு சொல் தெரியாதபோதும் இயந்திரத்தை அப்படி வைத்துக்கொள்ளலாம். நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வரியை நாம்தான் எழுத வேண்டும்.

பயப்பட வேண்டாம் என்பதற்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மின்னஞ்சல் முகவரியில் ‘@’ குறியை வைத்து, 1971ல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலாக மடல் அனுப்பியவர் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்க எஞ்சினியர். அந்த முதல் மடலில் என்ன எழுதினீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, நினைவில்லை, ஏதோ கீபோர்டின் ஒரு வரிசை எழுத்துகளாக இருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். உலகத்தின் முதல் மெயிலிலேயே விஷயம் ஒன்றும் இல்லை. நாம் எழுதப்போவது அதைவிட மோசமாக இருந்துவிடாது.

செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை, சங்கக் கூடம், ஒரு கரும்பலகை, பத்து நாற்காலி. அம்மையார் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். டீச் செலவு என்னுடையது. முதல் பாடம் நன்றி, இரண்டாவது பாடம் மன்னிப்பு. வருகிறவர்கள் புத்தகம் எதுவும் கொண்டுவர வேண்டாம். யாருக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.